மாதலேனுக்கு ஆறு காட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

சைகோன்,
1955 மார்ச் 15, செவ்வாய்க்கிழமை.

சேசு மரி சூசை காரைக்காலில் உங்கள் வீட்டுக் கூரையையும் சைகோனில் எங்கள் காலடியையும் சறுக்காமல் பார்த்துக்கொள்வார்களாக.

மகா கனம் பொருந்திய மச்சான் அகுஸ்தேன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் இக்னாஸ் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் மாதலேனும் சர்வேசுரன் கிருபையால் சுகம். என் வலது கால் கட்டைவிரல் மட்டும் சுகமில்லை. அது ஏன் என்பது பின்னால் வரும். அவ்விடம் தாங்களும் அண்ணியாரும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தபசுகாலம் ஆகையால் கறியைப் பற்றி விசாரிக்கவில்லை.

நிற்க. சங்கதியை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நான் தோற்றுப்போனேன். மே மாதக் கப்பலில் நாங்கள் ஊருக்கு வருகிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மாடியில் தாங்கள் குடிவைத்திருக்கும் வாத்தியார் குடும்பத்திடம் பதமாகச் சொல்லிக் காலிபண்ணி, சுண்ணாம்பு அடித்து வைக்கவும். ஜன்னல் ஒன்றாவது ஆற்றைப் பார்த்து இருக்கிறதா என்று எழுதவும். அரசலாறு தூரம் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

எப்படித் தோற்றேன் என்று கேட்பீர்கள். தாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் இங்கே சொல்லிக்கொள்ள எனக்கு ஆளில்லை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான் என்பது பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நான் முப்பது வருஷம் குமாஸ்தாவாயிருந்த வாய்க்கால் பிரோ என்கிற ஆபீசையும் போன வருஷம் பூட்டியாயிற்று. எனக்கு ரெத்ரேத், அதுதான் பென்ஷன், கொடுத்து, மாலை போட்டு, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். பிரோவில் வேலை செய்தவர்களுக்குக் குடும்பத்தோடு ஊர் திரும்ப இலவசக் கப்பல் உண்டு, இந்த மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று போன மாதம் உத்தரவு வந்தது. அன்றைக்கே மாதலேன் பிடித்துக்கொண்டாள். "பையன் ரோஜே பிரான்சுல பட்டாளத்துல. பிரோவும் பூட்டியாச்சு. இனி நமக்கு இங்க என்னா இருக்கு? பேரைக் குடுங்க, போவோம்" என்றாள். நான், "என்ன இப்படிச் சொல்றே, எவ்வளவு நல்ல தேசம், எத்தனை ஆறு, எத்தனை தோப்பு" என்று ஆரம்பித்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "முப்பது வருஷத்துல நீங்க எனக்குக் காட்டினது மாதா கோவில், பென் தான் சந்தை, ஆஸ்பத்திரி. ஆறுன்னு ஒண்ணு இருந்தா காட்டுங்க பாப்போம். நாலு ஞாயித்துக்கிழமை தர்றேன். எனக்குப் பிடிச்சா இருப்போம். இல்லேன்னா கப்பல்" என்று சொல்லிவிட்டாள்.

மச்சான், எனக்கு இந்தத் தேசத்தை விட்டு வர மனசில்லை. இதைத் தங்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை. முப்பது வருஷம் இந்த ஆறுகளின் பெயரையும் நீளத்தையும் ஆழத்தையும் என் கையால் எழுதினேன். எந்த வாய்க்கால் எந்த வாய்க்காலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் ஒன்றையாவது கண்ணால் பார்த்ததில்லை. எழுதுகிறவன் எதற்குப் பார்க்க வேண்டும் என்று பெரிய துரை சொல்லுவான். இப்போது பார்க்காமலே கப்பல் ஏறு என்றால், விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, எழுந்து போ என்கிற மாதிரி இருக்கிறது. ஆகையால் பந்தயத்துக்குச் சம்மதித்தேன். நாலு ஞாயிறு எனக்கு ஏராளம் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு லாய் தியூ தோப்புகள். சந்தைக்கு வருகிற மங்குஸ்தானும் தூரியானும் பாதி அங்கேயிருந்துதான் வருகிறது. மரத்தடியிலே உட்கார்ந்து பழம் தின்னவைத்தால் எந்தப் பெண்பிள்ளை மனசும் இளகும் என்பது என் கணக்கு. சம்பான் ஒன்று பேசிவைத்தேன். படகுக்காரி பெயர் பா சாவ், ஆறாம் அம்மா என்று அர்த்தம். உனக்கு மூத்தவர்கள் ஐந்து பேரா என்று கேட்டேன் (இங்கே யாரிடமும் என் பேச்சு பிரெஞ்சும் சைகையும்தான்), நாலு பேர்தான் என்றாள். பின்னே எப்படி ஆறு? எனக்குத் தலை சுற்றியது. பிறகு பார்த்தால் இந்தப் பக்கம் மூத்த பிள்ளையையே 'இரண்டு' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஒன்று என்று யாருமே இல்லை. ஏன் என்று விசாரித்தேன். பேய்க்குத் தெரியக்கூடாது என்றார் ஒருவர், ராஜாவுக்கு மரியாதை என்றார் இன்னொருவர், மூன்றாமவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். மாதலேனிடம் இந்த அதிசயத்தைச் சொன்னால், "இது தெரியாதா? நம்ம பக்கத்து வீட்டு மூத்த பொண்ணே 'இரண்டு'தானே" என்கிறாள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றேன். நீங்க கேக்கலை என்றாள்.

சரி, கதைக்கு வருகிறேன். படகு கடல் வெள்ளம் ஆற்றில் ஏறும்போது ஏறி, வடியும்போது இறங்க வேண்டும், விடியற்காலம் வந்துவிடுங்கள் என்று பா சாவ் சொல்லியிருந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு உங்கள் தங்கை சொர்க்கத்துக்கே கூப்பிட்டாலும் வருவாளா? முதல் பூசைக்குப் போனோம். வடக்கேயிருந்து அகதிகளாக வந்த கிறிஸ்தவ சனங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கூடாரம் போட்டிருக்கிறார்கள், கோவிலில் நிற்க இடமில்லை. சுவாமியார் பிரசங்கத்தைப் பிரெஞ்சில் ஒரு தடவை வைத்தார். முடிந்தது என்று நான் தொப்பியை எடுத்தேன். அதே பிரசங்கத்தை வியட்நாம் பாஷையில் முதலிலிருந்து ஆரம்பித்தார்! அதுவும் தபசுகாலப் பிரசங்கம், ஆதாமிலிருந்து கிளம்பி ஒவ்வொரு பாவமாக நின்று நின்று வருகிறது. வெள்ளம் வடிகிறதே என்று நான் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். மாதலேனோ கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாஷைக்கும் தலையாட்டுகிறாள். நாங்கள் துறைக்குப் போனபோது பா சாவ் எங்களைக் காணோமென்று கரையில் உட்கார்ந்து ஹூ தியூ குடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேமியாக் கஞ்சியை அவள் முடிக்கிற வரைக்கும் மிச்சமிருந்த வெள்ளமும் போயிற்று.

எப்படியோ தள்ளிக்கொண்டு லாய் தியூ வாய்க்காலுக்குள் நுழைந்தோம், நுழைந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். இரண்டு பக்கமும் சேறு, நடுவில் படகு, மேலே வெயில். பா சாவ் ஓலைத்தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள். கட்டுச்சோறு தீர்ந்தது. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்தது. படகு மூக்கில் கண் வரைந்திருக்கிறார்களே, அது எதற்கு என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன், முதலை பயப்படுவதற்காம். மாதலேன், "ரெண்டு கண்ணு வச்சிருக்கற படகே சேறு தெரியாம மாட்டிக்கிச்சு" என்றாள். சாயங்காலமாகத் தண்ணீர் ஏறி, தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சான், பழம் இல்லை. ஒரு பழம்கூட இல்லை. மரமெல்லாம் வெறும் இலை. தோட்டக்காரன் சிரிக்கிறான், வைகாசியில் வாருங்கள் என்கிறான். சந்தையில் பழம் எந்த மாதம் வருகிறது என்று நான் என்றைக்குப் பார்த்தேன்? வாங்கி வருகிறவள் மாதலேன். "உனக்குத் தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லலை?" என்று கத்திவிட்டேன். "நீங்க மரம் காட்டக் கூட்டிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். மரங்களுக்கு நடுவே ஏன் வரிசை வரிசையாய்க் குழி வெட்டியிருக்கிறான் என்று தோட்டக்காரனிடம் இருட்டுகிற வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தேன். சேற்று மண்ணை அள்ளி மேடாக்கி மரத்தை அதன்மேல் வைக்கிறார்களாம், அள்ளின குழியில் மீன் வளர்கிறதாம். மூளையைப் பாருங்கள்! இதை நம் ஊரில் செய்து பார்த்தால் என்ன? அண்ணன் தம்பிகளிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது ஞாயிறு நான் ஆற்றை நம்பவில்லை. தூ டுக் பக்கம் பஸ்ஸில் போனோம். அங்கே ஒரு கிராமத்தில் ஆற்றங்கரை ஊர்க்கோவில் இருக்கிறது, ஓட்டுக்கூரை முழுக்க பீங்கான் பொம்மை, அவ்வளவு பழசு. எவ்வளவு பழசு என்று பூசாரியிடம் கேட்டேன், உன் தாத்தாவைவிட என்றார். வாசலில் டீ விற்கிறவர், பூசாரி பொய் சொல்கிறார், நான் பிறந்த பிறகுதான் கட்டினது என்றார். இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. அதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். கோவில் முகப்பில் பெரிய மரமீன் ஒன்று கயிற்றில் தொங்கிற்று. உள்ளே குடைந்த மரம், பக்கத்திலே ஒரு தடி. நீங்களே சொல்லுங்கள், மரமீன் இருக்கிறது, தடி இருக்கிறது, மனுஷனுக்குக் கை இருக்கிறது, என்ன சத்தம் வருமென்று பார்க்கத் தோன்றாதா? மாதலேன் "வேணாம்" என்று சொல்வது காதில் விழுந்தது. விழுவதற்குள் அடித்துவிட்டேன். நன்றாகக் கணீரென்றிருந்தது, ஆகையால் இன்னும் நாலு அடி அடித்தேன்.

அது பூசைக்கு இல்லையாம், மச்சான். சண்டைக்காலம் முழுக்க ஊருக்குள் பட்டாளம் வந்தால் எச்சரிக்கை கொடுக்கிற மீன் அது. ஒரு நிமிஷத்தில் ஊரே காலி. பூசாரி ஒரு பக்கம், டீக்காரர் ஒரு பக்கம், பெண்டுகள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப்பு மேல் ஓடுகிறார்கள், ஒரு கிழவர் வாத்துக் கூட்டையும் சேர்த்துக்கொண்டு பள்ளத்தில் குதித்தார். மாதலேனையும் யாரோ ஒரு புண்ணியவதி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாமரைக் குளத்தில் இறக்கிவிட்டாள். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே கழுத்தளவு தண்ணீரில் உங்கள் தங்கை நின்றாள். நான் ஒருத்தன்தான் தடியும் கையுமாகக் கோவில் வாசலில் நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் அழவே இல்லை, மச்சான், வாயை மூடிக்கொண்டு ஓடின. பழகியிருக்கின்றன. அப்புறம் எல்லாரும் திரும்பி வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். நான் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன், அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஈரச் சேலையோடு மாதலேன் வந்து என்னமோ நாலு வார்த்தை சொன்னாள், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், விட்டுவிட்டார்கள். என்ன சொன்னாய் என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தேன். "ஒண்ணுமில்லை" என்றாள். வற்புறுத்தின பிறகு, "கொஞ்சம் கிறுக்கு, ஆனா நல்லவருன்னு சொன்னேன்" என்றாள்.

இனிமேல்தான் மூன்றாவது ஞாயிறு. நேற்று முன்தினம் நடந்தது.

தெற்கே கடல் பக்கம், நம் முத்துப்பேட்டைக் கரையில் இருக்கிறதே அலையாத்திக் காடு, அதே மாதிரி இங்கே ஒரு ஜில்லா அளவுக்கு இருக்கிறது. குரங்கு, கொக்கு, முதலைகூட உண்டு என்று பிரோ காகிதத்தில் படித்திருக்கிறேன். இந்தத் தடவை சனிக்கிழமை சாயங்காலமே சுவாமியாரைப் பார்த்து, எந்தப் பூசையில் பிரசங்கம் ஒரே பாஷையில் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். வெள்ளம் தப்பவில்லை. வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குள் இருந்தோம். தண்ணீரிலிருந்து வேர் வேராக மரம் நிற்கிறது, சேற்றில் கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டு மீன் நடக்கிறது, ஆமாம் மச்சான், நடக்கிறது, நான் பார்த்தேன்! மாதலேனும் எட்டிப் பார்த்தாள். இன்றைக்கு ஜெயித்தோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு மரத்திலிருந்து படகில் குதித்து, பா சாவின் மீன் சாறு ஜாடியைத் தட்டிவிட்டது. ஜாடி முழுக்க மாதலேன் மடியில். அந்த நாற்றத்தை எழுத்தில் அனுப்ப முடியாது, அது தங்கள் அதிர்ஷ்டம்.

அவள் கட்டியிருந்தது கிறிஸ்மசுக்குத் தாங்கள் அனுப்பின மஞ்சள் சேலை, நடுவில் நீளவாட்டில் மூன்று சிவப்புக் கோடு ஓடுகிறதே, அதுதான். நல்லவேளை, உங்கள் தங்கை எங்கே போனாலும் மாற்றுச்சேலை ஒன்று மூட்டையில் இருக்கும். பாய்க்கூரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, மஞ்சள் சேலையை ஆற்றில் அலசி, ஒரு முனையை மூங்கில் கழி உச்சியிலும் கீழ்க்கோடியைக் கூரை வளைவிலும் கட்டிவிட்டாள். நம் பெண்கள் எங்கே ஈரச்சேலை உலர்த்தினாலும் அப்படித்தானே? நல்ல காற்று, சேலை விறைத்துக்கொண்டு பறந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு வேறு வேலை. இந்த வாய்க்கால் இத்தனை மீட்டர் ஆழம் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன், சரியா தப்பா என்று பார்க்காமல் விடலாமா? இன்னொரு கழியை எடுத்து அங்கங்கே தண்ணீரில் குத்தி, நனைந்த அளவை உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். பா சாவ் வழி கேட்டபோது நான் காகிதத்துப் பெயரைச் சொன்னேன், அவள் ஏதோ ஒரு கிளையில் திருப்பினாள். திருப்பத்தில் மணல்மூட்டை அடுக்கின காவல் கொட்டகை. டுமீல் என்று ஒரு வெடி, வானத்தைப் பார்த்துத்தான். பா சாவ் துடுப்பைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள்.

இங்கே இப்போது யார் எவருடைய ஆள் என்று சொல்ல முடியாது. அரசாங்கப் பட்டாளம் ஒன்று, தனித்தனிப் படை வைத்திருக்கிற தலைவர்கள் பல பேர். அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கும் அரசாங்கத்துக்கும் அந்த வாரம்தான் வெட்டுப்பழி குத்துப்பழி. அரசாங்கக் கொடி எது தெரியுமா, மச்சான்? மஞ்சள் துணி, நடுவில் நீளவாட்டில் மூன்று சிவப்புக் கோடு. அந்தக் கொடியை ஆறு கஜ நீளத்துக்குப் பறக்கவிட்டுக்கொண்டு, ஆழத்தை அளந்து உரக்கப் படித்துக்கொண்டு, பிரெஞ்சுத் தொப்பி போட்ட கறுப்பன் ஒருத்தன் வருகிறான் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? இவ்வளவு நீளக் கொடி என்றால் வருகிறவன் ஜெனரலாகத்தான் இருக்கும் என்று பாதிப் பேர் பதறிப்போய் நிமிர்ந்து நின்றார்களாம், பாதிப் பேர் சுட வேண்டும் என்றார்களாம். பிற்பாடு தெரிந்தது.

கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். தலைவன் வாலிபன், பனியனும் மரச்செருப்பும், இடுப்பில் துப்பாக்கி. கொடியைக் காட்டி என்னமோ கேட்டான். நான் நெஞ்சை நிமிர்த்தி, நல்ல பிரெஞ்சில், "முசியே, நான் ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகஸ்தன், வாய்க்கால்களை ஆராய வந்தேன்" என்று சொன்னேன். அதில் அவனுக்குப் புரிந்தது அரசாங்கம் என்பதும் வாய்க்கால் என்பதும் மட்டும். கட்டுங்கடா என்கிற மாதிரி கையைக் காட்டினான், ஒருத்தன் கயிறு எடுத்தான்.

அப்போதுதான் மாதலேன் என் முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். மச்சான், என்ன வியட்நாம் பாஷை! மீன்காரியிடம் சண்டை போடுகிற வேகத்தில், மூச்சு விடாமல், கையை ஆட்டி ஆட்டிப் பொரிகிறாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முப்பது வருஷம் பிரோவில் பிரெஞ்சு எழுதின எனக்கு இந்தப் பாஷையில் பேரம் பேசக்கூட வராது. இவள் இதை எங்கே வைத்திருந்தாள்? பா சாவ் பிற்பாடு எனக்குச் சைகையும் பிரெஞ்சுமாக விளக்கினபடி, அவள் சொன்னது இதுதான்: "இது கொடி இல்லை, என் சேலை. எங்க அண்ணன் குடுத்தது. அதை இறக்கு, அழுக்குக் கையால தொடாதே." தலைவன் நம்பவில்லை. இத்தனை நீளத்தில் யாராவது உடுப்பு உடுத்துவார்களா, எங்களுக்குக் கண் இல்லையா என்கிறான். அவள், "கண்ணு இருந்தா பாரு" என்று அந்த ஈரச்சேலையை வாங்கி, கட்டியிருந்த சேலைக்கு மேலேயே கட்ட ஆரம்பித்தாள்.

துப்பாக்கிக்காரர்கள் எல்லாம் கிட்டே வந்துவிட்டார்கள். இடுப்பில் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் கொசுவம் மடித்து, முந்தானையை உதறித் தோளில் போட்டாள். கொட்டகைக்குப் பின்னால் குடிசைகள் இருந்திருக்கின்றன, அங்கேயிருந்து பெண்டுகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஊசி எங்கே, பொத்தான் எங்கே, அவிழாதா, இதோடு எப்படிப் படகேறுவாய், பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுப்பாய் என்று கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள், சிலதைச் செய்தும் காட்டினாள். தலைவன் கடைசியில், "சரி, ஏன் அரசாங்கக் கொடியைக் கட்டிக்கொண்டிருக்கிறாய்?" என்றான். "எங்க ஊருல இந்தச் சேலை நெய்யும்போது உங்க அரசாங்கம் பொறக்கலை, அவங்கதான் எங்களைப் பார்த்துச் செஞ்சாங்க" என்றாள். சிரிப்பு தாங்காமல் ஒருத்தன் மணல்மூட்டையிலேயே உட்கார்ந்துவிட்டான். தலைவன் பெண்டாட்டி தனக்கும் கட்டிவிடச் சொன்னாள். கட்டிவிட்டாள். அந்த அம்மாள் அதே சேலையில் கொட்டகையை இரண்டு சுற்று நடந்து காட்டினாள், எதிரிக் கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டு! என் கையில் கயிறு போட வந்தவன் அந்தக் கயிற்றால் நண்டுகளைக் கட்டி, ஒரு கூடை நிறையக் கொடுத்து, எங்களை வழியனுப்பினான். வாய்க்கால் ஆழம் நான் எழுதினது சரிதானா என்று அவனிடம் கேட்க வாயெடுத்தேன். மாதலேன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

வரும் வழியில் கூடை கவிழ்ந்து நண்டு அவிழ்ந்து என் கட்டைவிரலைப் பிடித்த கதை தங்களுக்கு வேண்டாம். எனக்கு வலித்தது அதுவல்ல. மாதலேன் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் எவ்வளவோ கேட்டேன், எங்கே கற்றுக்கொண்டாய், யார் சொல்லிக்கொடுத்தார்கள், கனவும் இந்தப் பாஷையில்தான் வருகிறதா என்று. "சந்தைக்கு நீங்களா போனீங்க?" என்றதோடு சரி. நேற்றுக் காலையில் பரணிலிருந்து பெரிய தகரப் பெட்டியை இறக்கி, துடைத்து, வெயிலில் வைத்தாள். அப்புறம் எனக்குக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கப்பலுக்குப் பெயர் கொடுக்கும் வேலையையும், "நான் பாத்துக்கறேன், நீங்க அலைய வேணாம்" என்று அவளே எடுத்துக்கொண்டாள். சுடவந்தவன் முன்னால் நிறுத்திய மனுஷனை நம்பி எந்தப் பெண்பிள்ளை இன்னும் ஒரு தேசத்தில் இருப்பாள்? அவள்மேல் குற்றமில்லை.

பந்தயப்படி இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி. பிரயோசனமில்லை என்று தெரிந்தும் விடப்போவதில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து மூன்று இடம் வைத்திருக்கிறேன், கு சி என்கிற ஊர்ப் பக்கம் ஒன்று, மேற்கே இரண்டு. ஒவ்வொன்றுக்கும் படகு உண்டா, பஸ் உண்டா, துப்பாக்கி உண்டா என்று இன்றைக்கு ஊர் முழுக்க விசாரித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஜெயிப்பதற்கு இல்லை. போகிறதற்கு முன்னால் இன்னும் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். இங்கேயே இருந்தால் எவ்வளவோ பார்க்கலாம்.

ஆகையால் மாடி விஷயத்தை மறக்க வேண்டாம். அண்ணியாருக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். வாத்தியார் குடும்பத்துக்கு என் வருத்தம். தேவமாதா எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. வழக்கம்போல அடியில் இடம் விட்டிருக்கிறேன், தங்கள் தங்கை தன் கையால் இரண்டு வரி எழுதி ஒட்டித் தபாலில் போடுவாள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மச்சான்,
இக்னாஸ்.

பின்குறிப்பு:

அண்ணனுக்கு மாதலேன் எழுதுறது. உங்க மாப்பிள்ளை எழுதினது பூராவும் படிச்சேன். மாடியக் காலி பண்ணாதீங்க, வாத்தியார் பொஞ்சாதி பாவம். நாங்க வரலை. கப்பலுக்குப் பேரு குடுக்கலை, குடுக்கவும் போறதில்லை. பெட்டிய இறக்கினது பரண்ல எலி குட்டி போட்டதுக்காக. படகுல பேசாம வந்தது, பேசினா அழுதுடுவேன்னு. கயிறு எடுத்துட்டு வந்தானே, அப்ப எனக்கு உசுரே இல்லை.

இவரு எழுதாத சேதி ஒண்ணு இருக்கு. பிரோ பூட்டினதுலேர்ந்து எட்டு மாசம் இவரு நாற்காலிய விட்டு எந்திரிக்கலை. சவரம் இல்லை, பேப்பர் இல்லை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து காலையில கண்ணு முழிச்சதும் இது ஏன் அது எதுக்குன்னு கேள்வி கேட்டுப் பிராணன வாங்கற மனுஷன், எட்டு மாசம் ஒரு கேள்வி கேக்கலை. குழம்புல உப்பு இல்லாமப் போட்டுப் பார்த்தேன், ஏன்னு கேக்கலை. எனக்கு பயமாப் போச்சு அண்ணா. ஊருக்குப் போறேன்னு நான் கெளப்பி விட்டதே இவர அந்த நாற்காலிய விட்டுக் கெளப்பத்தான். அங்க வந்தா திரும்பவும் உக்காந்துடுவாரு. இங்க பார்க்காத ஆறு இன்னும் நெறைய இருக்காம்.

இத இவருகிட்ட காட்டாம ஒட்டிடறேன். நீங்களும் பதில்ல மூச்சு விடாதீங்க, சுண்ணாம்பு அடிச்சாச்சுன்னு எழுதுங்க. நாலு ஞாயிறு முடிஞ்சா, பெட்டி கட்ட நாளாகும்னு இன்னும் ரெண்டு கேட்டு வாங்கிக்கறேன். கப்பல் போனப்புறம் ஏன் பேரு குடுக்கலை, எப்பத் தீர்மானம் பண்ணினே, எனக்கு ஏன் சொல்லலைன்னு ராவும் பகலும் கேட்டுத் தொளைப்பாரு.

கேக்கட்டும்.